மலைநாட்டு வீட்டு வாசலுக்கு குளிர் தாங்குற மரம்: தெரிவு செய்றதுல இருந்து மூணாவது வருஷம் வரைக்கும்

குளிர் தாங்குற மரம்னு இன்டர்நெட்ல தேடினா வர்றது முழுக்க அமெரிக்கா, கனடா லிஸ்ட்தான், மேப்பிள், பிர்ச், ஸ்புரூஸ்னு அழகழகா படம் போட்டு பக்கத்துல ஸோன் 4, ஸோன் 5னு நம்பரும் போட்டிருப்பாங்க. அந்த ஸோன் நம்பர் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வச்ச அளவு, ஒரு இடத்துல வருஷத்துல வர்ற ஆகக் கடும் குளிரோட சராசரிய வச்சு பிரிச்சது. ஸோன் 5ன்னா மைனஸ் 23ல இருந்து மைனஸ் 29 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்குற ஊர். அதே கணக்குல நுவரெலியாவ வச்சுப் பார்த்தா கிட்டத்தட்ட ஸோன் 10தான் வரும். அந்த மரங்களுக்கு மாசக்கணக்கா கடும் குளிர்ல தூங்கி எந்திரிக்கணும், நம்ம ஊர்லயோ வருஷம் பூரா சராசரி 16 டிகிரி, தூங்கவும் விடாது நல்லா வளரவும் விடாது, அந்த மரம் குழம்பிப் போய் நோஞ்சானா நிக்கும். அதனால அந்த லிஸ்ட்டுகள மூடி வச்சிருங்க.

அதுக்காக கம்பளை, கண்டிப் பக்கம் ரோட்டோரத்துல விக்கிற எந்தக் கன்டையும் வாங்கிட்டு வந்து கந்தப்பளையில வைக்கவும் முடியாது. நமக்கு வேண்டியது நடுவுல உள்ள மரம். தை, மாசியில விழுற துகள் பனியையும், அதான் புல்லு மேல வெள்ளையா உறையுற பனி, தாங்கணும், மாசக்கணக்கா நிக்கிற மூட்டத்துலயும் ஈரத்துலயும் வேர் அழுகாம இருக்கணும், ஜூன் ஜூலை காத்துக்கும் முறியாம நிக்கணும். நிறையப் பேர் முதலாவத மட்டும் பார்த்துட்டு மத்த ரெண்டையும் விட்டுர்றாங்க, ஆனா மலையகத்துல வீட்டு மேல மரம் விழுற கதையெல்லாம் பெரும்பாலும் காத்தாலயும் மழையாலயும்தான்.

முதல்ல உங்க ஊர் உயரத்தப் பாருங்க

1,000 மீட்டர் ஏறினா கிட்டத்தட்ட 6ல இருந்து 6.5 டிகிரி குறையும். கொழும்பு 27, நுவரெலியா 16ன்னு இருக்கிறது இந்தக் கணக்குலதான். உயரம் தெரியலன்னா பக்கத்து ரயில்வே ஸ்டேஷன் போர்டப் பாருங்க, மலைநாட்டு லைன்ல ஸ்டேஷன் பேரோட கடல் மட்டத்துல இருந்து எவ்வளவு உயரம்னும் எழுதியிருக்கும். போன்லயும் பார்க்கலாம்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எல்லாம் 1,200 மீட்டர் சொச்சம். இங்க துகள் பனி ரொம்ப அபூர்வம், உங்களுக்கு தெரிவு ஜாஸ்தி. அப்புத்தளை, நானுஓயா பக்கம் 1,400ல இருந்து 1,600, இங்க பள்ளத்துல மட்டும் கவனமா இருந்தா போதும். நுவரெலியா டவுன் 1,868 மீட்டர், கந்தப்பளை, அம்பேவளை, பட்டிப்பொல எல்லாம் கிட்டத்தட்ட அந்த உயரம் இல்லன்னா அதுக்கும் மேல. இங்க உள்ளவங்கதான் அடுத்த பகுதிய ரெண்டு தரம் வாசிக்கணும்.

பனி உங்க வாசல்ல எங்க உக்காருதுன்னு கண்டுபிடிங்க

முழு வேலையிலயும் இதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன், கன்டு வாங்கப் போறதுக்கு முன்னயே செய்ய வேண்டியதும் இதுதான்.

துகள் பனி விழுறது மேகம் இல்லாத, காத்து இல்லாத ராத்திரியில. பகல்ல மண்ணு வாங்கின சூடெல்லாம் ராவுல வானத்துக்குப் போயிரும், மூட்டம் இருந்தா அது போர்வையா நின்னு தடுக்கும், வானம் வெளிச்சுக் கிடந்தா தடுக்க ஒண்ணும் இல்ல. தரையும் தரையை ஒட்டின காத்தும் குளிர்ந்து பாரமாகி சரிவுல தண்ணி ஓடுற மாதிரி பணிய இறங்கி பள்ளத்துல தேங்கும். அதனாலதான் ஒரே தோட்டத்துல மேட்டுல உள்ள தேயிலை பச்சையா நிக்கும், பள்ளத்துல உள்ளது கருகிக் கிடக்கும்.

இன்னொண்ணும் கவனிங்க. வெதர் நியூஸ்ல சொல்ற டெம்பரேச்சர் தரையில இருந்து ஆள் நெஞ்சு உயரத்துல வச்ச பெட்டிக்குள்ள எடுக்கிறது. அங்க 3 டிகிரி, 4 டிகிரின்னு காட்டுற விடியக்காலையில புல்லு மட்டத்துல சைபருக்கும் கீழ போயிருக்கும். ஒரு அடி, ரெண்டடி உயரக் கன்டு அந்த மட்டத்துலதான் நிக்குது. பெரிய மரமா ஆனதுக்கு அப்புறம் பனி ஒண்ணும் செய்யாத ஜாதி கூட சின்னக் கன்டா இருக்கிறப்ப செத்துப்போறது இதனாலதான். ஹோர்ட்டன் சமவெளியில பள்ளமெல்லாம் புல்லாவும் மேடெல்லாம் காடாவும் இருக்கே, அதுக்கும் பனி ஒரு காரணம்.

அப்ப குளிர் தாங்குற மரம்னா நமக்கு அர்த்தம், முதல் ரெண்டு மூணு தை மாசத்த தாண்டுற கன்டு, அவ்வளவுதான். அதத் தாண்டிட்டா பாதி வேலை முடிஞ்சிரும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? தை மாசத்துல நல்லா நட்சத்திரம் தெரிஞ்ச ராவுக்கு அடுத்த நாள், வெயில் விழுறதுக்கு முன்ன எந்திரிச்சு வாசலச் சுத்தி நடங்க. புல்லு வெள்ளையா இருக்கிற இடத்துல குச்சி ஊண்டி வைங்க. சுவரோரம், இஸ்தோப்பு முன்னால, பெரிய மரத்துக்குக் கீழ வெள்ளை இருக்காது பாருங்க, சுவர் பகல் சூட்ட ராவுல விடும், மரத்தோட இலை வானத்த மறைக்கும். சரிவோட பணியப் பக்கத்துல மதிலோ அடர்த்தியான வேலியோ இருந்தா அது குளிர் காத்த அணைக்கட்டி நிறுத்தும், அதுக்கு மேல் பக்கம் கன்டு வைக்காதீங்க, இல்லன்னா வேலியில ஒரு வழி விட்டு குளிர் வடிய விடுங்க. கிழக்கு வெயில் சட்டுனு படுற இடமும் பனிக்கு நல்லதில்ல, உறைஞ்ச இலை மெதுவா இளகினா தப்பிச்சிரும், சுள்ளுனு வெயில் பட்டா கருகிரும்.

பனிக்காலம் இல்லாதப்ப வேலை தொடங்குறவங்க பக்கத்துல மரக்கறி செய்றவங்ககிட்ட கேளுங்க. எந்தப் பாத்தியில உருளைக்கிழங்கு முதல்ல கருகும்னு அவங்களுக்கு அத்துப்படி.

இடம், காத்து, தண்ணி

புது வீட்டுத்திட்டத்துல 7 பேர்ச் கிடைச்சவங்க இருக்காங்க. 7 பேர்ச்ன்னா 1,900 சதுர அடி சொச்சம், அதுல வீடு ஒரு 550 சதுர அடி போனா, மலசலகூடக் குழி, தண்ணி டேங்க், துணி காயப்போடுற இடம், நாலு பாத்தி மரக்கறி எல்லாம் போக மிஞ்சுறதுல சின்ன மரம் ரெண்டுதான் வைக்கலாம். அந்த ரெண்டையும் நல்லாத் தெரிவு செஞ்சா போதும், பத்து மரத்த நெருக்கி வச்சா வீட்டுக்குள்ள வெயிலே வராது, குளிர் ஊர்ல அது பெரிய தொல்லை, சுவர் பூஞ்சணம் பிடிக்கும்.

மரம் முழுசா வளர்ந்தா எத்தனை அடி உயருமோ அத்தனை அடி தூரம் வீட்டுல இருந்து தள்ளி வைங்க, பெரிய ஜாதிக்கு இதுல விட்டுக்கொடுப்பே கூடாது. குழிக்கும் பைப்புக்கும் 15 அடியாவது. மேல கரண்ட் வயர் போகுதான்னு தலைய நிமிர்த்திப் பாருங்க. லயத்து வாசல்ல வைக்கிறதா இருந்தா காணி தோட்டத்துக்குச் சொந்தம், வைக்கிறதுக்கு முன்ன ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுருங்க, பின்னால வெட்டுறப்ப பிரச்சினை வராது.

காத்து எங்க இருந்து வருதுன்னு ஊருக்கு ஊர் மாறும். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே கடைசியில இருந்து தென்மேற்குக் காத்து மழையோட அடிக்கும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் அதே மாசங்கள்ல மழையில்லாத காஞ்ச கச்சான் காத்து, இலையெல்லாம் சுருண்டு போகும், அங்க ஜூலை ஆகஸ்ட்ல தண்ணி ஊத்தியே ஆகணும்.

சரிவான இடம்னா ஒரு விஷயம் தெளிவாச் சொல்லணும். வேர் மேல்மண்ண பிடிக்கும், உண்மை, ஆனா மலையே வெடிச்சு நகர்ற இடத்துல மரம் காப்பாத்தாது. 2014 ஒக்டோபர்ல கொஸ்லந்த மீரியபெத்தயில நடந்தத நாம மறக்கல. நிலத்துல வெடிப்பு, சரிஞ்ச மரம், புதுசா ஊத்து கிளம்புறது, இதெல்லாம் தெரிஞ்சா கன்டு வைக்கிற யோசனைய விட்டுட்டு கிராம சேவகர் மூலமா தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்கணும்.

எந்த மரம்

முதல்ல வேணாங்கிறத முடிச்சிருவோம். டர்பன்டைன் மரம், அதான் யூகலிப்டஸ், வீட்டுப் பக்கத்துல வேணாம். குளிர் தாங்கும், சடசடன்னு வளரும், எல்லாம் சரி, ஆனா 100 அடிக்கு மேல போகும், தண்ணிய ஏகமா உறிஞ்சும், பீலித் தண்ணிய நம்பி இருக்கிற ஊர்ல ஊத்துக்கு மேல அத வைக்கிறது நல்லதே இல்ல. பைன் மரமும் அப்படித்தான், ஊசி இலை காஞ்சு கிடந்தா வரட்சியில தீ பிடிக்கும். வேட்டல், அக்கேசியா ஜாதி மரம், சீக்கிரம் வளரும், சீக்கிரமே கிழடாகி வேரோட சாயும். ஆப்பிரிக்கன் டியூலிப் பூ அழகுதான், ஆனா வாது லேசா முறியும், விதை பறந்து போய் கண்ட இடத்துல முளைக்கும்.

சவுக்கு, அதான் சில்வர் ஓக், எல்லாருக்கும் தெரிஞ்ச மரம், தேயிலை மலையில நிழலுக்கு நிக்கிறது. அவுஸ்திரேலியாவுல இருந்து வந்தது, வளர்ந்த மரம் நல்லாவே பனி தாங்கும், இளங்கன்டு தாங்காது. வேலி ஓரத்துல, வீட்டுல இருந்து தள்ளி, காத்துத் தடுப்பா வைக்க நல்லது. வாது முறியுற சுபாவம் உண்டு, அதனால கூரைக்கு மேல வாது வர விடாதீங்க. பூவையும் இலையையும் கையில பிடிச்சா சிலருக்கு சொறி வரும்.

சின்ன வாசலுக்கு என்னோட முதல் தெரிவு பொட்டில்பிரஷ். 15, 20 அடிக்குள்ள நிக்கும், லேசான பனிக்கு அசையாது, ஈரத்தையும் தாங்கும், காத்துக்கு வளைஞ்சு கொடுக்கும், சிவப்பு பிரஷ் மாதிரி பூ வந்தா தேன்சிட்டு, வெள்ளைக்கண்ணி எல்லாம் வந்து மொய்க்கும். நுவரெலியாவுல இருந்து பண்டாரவளை வரைக்கும் எங்கயும் வைக்கலாம். வேர் வீட்டுக்கு தொல்லை தராது.

உசரமான இடத்துக்கு வேலியாவோ தனி மரமாவோ சைப்ரஸ். நுவரெலியா பழைய பங்களா வேலியெல்லாம் பாருங்க. ஒரே ஒரு கட்டுப்பாடு, பச்சை இருக்கிற நுனியில மட்டும்தான் வெட்டணும், உள்ளுக்க காஞ்ச பழுப்பு வாது வரைக்கும் வெட்டிட்டா அந்த இடம் திரும்பத் தளிர்க்காது, ஓட்டையாவே நிக்கும். அதனால சின்னதுல இருந்தே வருஷா வருஷம் லேசா கவ்வாத்து பண்ணுங்க. பண்டாரவளை மாதிரி கொஞ்சம் சூடான பக்கம் இத விட வேற மரம் பாருங்க, அங்க ஜகரண்டா நல்லா வரும், ஊதாப் பூ பூக்கும், ஆனா அத நுவரெலியாவுக்கு கொண்டு போனா இளசுல பனி எரிச்சிரும், தப்பிச்சாலும் பூ சரியா வராது.

கிறிஸ்மஸ் மரம்னு நாம சொல்ற நோர்போக் பைன் தொட்டியில இருக்கிறப்ப எவ்வளவு அழகு. நிலத்துல வச்சா 100 அடிக்கு மேல போகும். 7 பேர்ச்சுல அது வேணாம்.

இனி நம்ம மண்ணு மரம். இத எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். நுவரெலியா, ஹோர்ட்டன் பக்கத்துக் குளிர்லயே ஆயிரக்கணக்கான வருஷம் நின்ன மரங்கள் இருக்கிறப்ப நாம வெளிநாட்டுக் கன்டுக்கு காசு கொடுக்கிறோம். மஹரத்மல், அதான் சிவப்புப் பூ பூக்கிற ரோடோடென்ரன், பனி விழுற பத்தனை, அதான் மலைப் புல்வெளி, அதுக்கு நடுவுலயே நிக்கிற மரம், அத விட என்ன சாட்சி வேணும்? மெதுவா வளரும், முறுக்கின தண்டு, புளிப்பு மண்ணுதான் வேணும், நம்ம தேயிலை மண்ணு அதுக்கு அப்படியே பொருத்தம். அப்புறம் காட்டுச் செண்பகம், இது தென்னிந்திய மேற்கு மலைத்தொடர்லயும் இலங்கையிலயும் மட்டும்தான் இருக்கு, வெள்ளைப் பூ, நல்ல வாசம், கொஞ்சம் பெரிய வாசல் உள்ளவங்களுக்கு. கீன மரம் குடை விரிச்ச மாதிரி தலை வரும், ரொம்ப ரொம்ப மெதுவா வளரும், பேரப்பிள்ளைகளுக்காக வைக்கிறவங்க வைங்க.

ஆனா இதுகள காட்டுல இருந்து பிடுங்கிட்டு வரக்கூடாது, ஹோர்ட்டன் 1988ல இருந்து தேசிய பூங்கா, ஒரு இலை கூட எடுக்கிறது குத்தம், அதோட காட்டுக் கன்டு வேர் அறுந்து பெரும்பாலும் செத்தே போகும். கன்டு வளர்த்து விக்கிற தவறணையில விதையில முளைக்க வச்ச கன்டு கேட்டு வாங்குங்க. மரப்பெரணிக்கும் இதே பேச்சுதான்.

தேயிலையையும் மரமா வளர்க்கலாம் தெரியுமா? கொழுந்து எடுக்காம, கவ்வாத்து பண்ணாம விட்டா அது 30 அடி கூடப் போகும், அதோட இயல்பே மரம்தான், நாமதான் இடுப்பு உயரத்துல வச்சிருக்கோம். வாசல் ஓரத்துல பழைய தேயிலைச் செடி நின்னா பிடுங்காதீங்க. நல்லா நிமிர்ந்த ஒரு வாது, ரெண்டு வாது விட்டு மத்தத எடுத்துட்டா நாலஞ்சு வருஷத்துல வெள்ளைப் பூவோட அழகான சின்ன மரம், குளிருக்கும் மண்ணுக்கும் ஏற்கனவே பழகினது, செலவும் இல்ல.

பழமரம் வேணும்னா பெயார்ஸ், பீச், பிளம்ஸ் மூணும் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் வரும். இதுகளுக்கு பூ வர கொஞ்சம் குளிர் நேரம் கட்டாயம் வேணும், அதனால குறைஞ்ச குளிர்லயே காய்க்கிற ஜாதியான்னு கேட்டு வாங்குங்க. அப்பிள் ஆசை உள்ளவங்களும் இதேதான் கேக்கணும், சாதாரண அப்பிளுக்கு நம்ம குளிர் போதாது. பட்டர்புரூட் ஹட்டன், பண்டாரவளை உயரத்துல அருமையா வரும், ஆனா தண்ணி தேங்கினா வேர் அழுகி ஒரே வருஷத்துல போயிரும், மேட்டுல வைங்க. மா, பலா எல்லாம் மேல கொண்டு போக வேணாம்.

நேரம் இருந்தா ஹக்கல பூங்காவுக்கு ஒரு நடை போங்க. 1861ல மலேரியா மருந்துக்கான சின்கோனா மரம் வளர்க்க தொடங்கின இடம், கிட்டத்தட்ட 1,700 மீட்டர். அங்க எந்த மரம் எப்படி நிக்குது, எவ்வளவு அகலம் பரவுதுன்னு கண்ணால பார்த்துட்டு முடிவெடுக்கலாம், தவறணையில ஒரு முழம் கன்டப் பார்த்து அது தெரியாது.

கன்டு வாங்குறப்ப

உசரமான கன்டா பார்த்து எடுக்காதீங்க, ரெண்டடி, மூணடி போதும், தண்டு தடிப்பா இருக்கணும். பொலித்தீன் பைய கீழ பாருங்க, வேர் வெளிய வந்து சுத்திக்கிட்டு இருந்தா அது பையிலயே வயசானது, வேணாம். எங்க வளர்த்தீங்கன்னு கேளுங்க. கீழ்நாட்டு சூட்டுல வளர்த்த கன்டுன்னா நேரா நடாதீங்க, ஒரு மாசமாவது இஸ்தோப்புல, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளியில வச்சு பழக்குங்க.

நடுறது

நுவரெலியா, ஹட்டன் பக்கம் சித்திரை மழையோட நடுங்க, அப்பதான் தை பனிக்கு முன்ன எட்டு மாசம் வேர் ஓட நேரம் கிடைக்கும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபர், நவம்பர் மழை சரி, சித்திரையில வச்சா கச்சான்ல காயும்.

குழி ரெண்டடிக்கு ரெண்டடி. மேல்மண்ண ஒரு பக்கம், அடிமண்ண ஒரு பக்கம் போடுங்க, நல்லா மக்கின சாணியோ கொம்போஸ்ட்டோ மேல்மண்ணோட கலந்து நிரப்புங்க. நம்ம மண்ணு பெரும்பாலும் புளிப்பு, பிஎச் 4.5ல இருந்து 5.5 வரைக்கும். மஹரத்மல், தேயிலைக்கு அதுதான் வேணும், புளிப்பக் குறைக்கிற டொலமைட் தூள் போடவே கூடாது. பீச், பிளம்ஸ்க்கு மட்டும் டொலமைட் கொஞ்சம் போட்டு ஒரு மாசம் கழிச்சு நடுங்க. கன்டு பையில எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டம், தண்டை மண்ணு போட்டு மூடினா அழுகும். சரிவுல பணியப் பக்கம் அரைவட்டமா வரப்பு கட்டுங்க, மேல் பக்கம் சின்னதா கான் வெட்டி மழைத்தண்ணிய ஒதுக்குங்க. காத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பு ஊண்டி பழைய சைக்கிள் டியூப்பால தளர்த்தியா கட்டுங்க. இறுக்கிக் கட்டினா தண்டு பலமாகாது, ஒரு வருஷத்துல கம்ப எடுத்துரணும்.

முதல் மூணு பனிக்காலம்

செப்டம்பருக்கு அப்புறம் யூரியா போடாதீங்க. போட்டா தை மாசம் இளந்தளிரோட நிக்கும், பனி முதல்ல எரிக்கிறது அதத்தான். மார்கழி கடைசியில கன்டச் சுத்தி நாலு கம்பு நட்டு மேல உரச்சாக்கோ பெரணி இலையோ போட்டு சின்ன கூடாரம் மாதிரி வைங்க, சாக்கு இலையில முட்டக்கூடாது, முட்டின இடம் கருகும். பொலித்தீன் வேணாம். வெளிச்ச வானம் தெரியுற நாள் பின்னேரம் அடியில தண்ணி ஊத்துங்க, ஈர மண்ணு பகல் சூட்ட கூடுதலா பிடிச்சு வைக்கும். அந்த ரெண்டு மாசத்துக்கு மட்டும் அடியில போட்ட காஞ்ச புல்ல ஒதுக்கி விடுங்க, அது மண்ணோட சூட்ட மேல வர விடாது, பனிக்காலம் முடிஞ்சதும் திரும்பப் போடலாம். விடிய எந்திரிச்சுப் பார்த்து இலையில துகள் இருந்தா வெயில் விழுறதுக்கு முன்ன தண்ணி தெளிச்சு கழுவி விடுங்க.

இவ்வளவு செஞ்சும் கருகினா உடனே கத்திய எடுக்காதீங்க. கருகின இலையும் வாதும் உள்ள இருக்கிற உசிரான பகுதிக்கு அடுத்த பனி வரைக்கும் மறைப்பா நிக்கும். பங்குனி கடைசி வரை விட்டுட்டு நகத்தால தண்டுத் தோல லேசா கீறிப் பாருங்க, பச்சை தெரிஞ்சா உசிர் இருக்கு, எந்த இடத்துல தளிர் வருதோ அதுக்கு மேல வெட்டுங்க. ஒட்டுக் கன்டுன்னா ஒட்டுக்குக் கீழ இருந்து வர்ற தளிர வச்சுக்காதீங்க, அது நீங்க வாங்கின ஜாதி இல்ல.

மூணாவது வருஷம் வாது அமைப்பப் பாருங்க. ஒரே உயரத்துல ரெண்டு தலை போட்டி போட்டு ஏறினா ஒண்ண எடுத்துருங்க, பின்னால காத்துல பிளக்கிறது அந்தக் கவட்டையிலதான். மே மாசக் காத்துக்கு முன்ன, சித்திரை தொடக்கத்துல இந்தக் கவ்வாத்த முடிச்சிரணும்.